புல் நுனி ஏன் பழுக்கிறது?

கேள்வி: வீட்டுப் புல்தரையைப் பராமரிக்க மாத ஒப்பந்தத்தில் ஆள் வைத்திருக்கிறேன். வெட்டிய இரண்டாம் நாளே நுனியெல்லாம் பழுத்துவிடுகிறது. உரம் போடணும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். ஆளை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் தரையில் குந்தி, ஒரு புல்லைக் கிள்ளி நுனியைப் பாருங்கள். கத்தரித்தது போல நேராக இருக்கிறதா, கந்தல் துணி மாதிரி நார்நாராகக் கிழிந்திருக்கிறதா? கிழிந்திருந்தால் இயந்திரத்தின் பிளேடு மழுங்கிவிட்டது. சாணை பிடித்தாலே போதும், உரத்துக்கு அங்கே வேலை இல்லை.

நுனி நேராக இருந்தும் தரை மஞ்சளித்தால், ஒட்ட வெட்டுகிறாரா என்று கவனியுங்கள். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 9 செ.மீ. வளர்ந்திருந்தால் 6 செ.மீ.யில் நிறுத்த வேண்டும். இதில் நானும் சூடுபட்டவள்தான். “நல்லா ஒட்ட வெட்டுப்பா, அடிக்கடி வர வேண்டாம்” என்று மிச்சம் பிடிக்கப் போய், மொட்டைத் திட்டுகளில் கோரை முளைத்தது. பாவம், திட்டு வாங்கியது அவர்!

சாணை பிடிக்கச் சொல்லியும் கேட்கவில்லையென்றால் மாற்றுங்கள். புது ஆள் இடத்தை நடந்து பார்க்காமல் போனிலேயே தொகை சொன்னால் வேண்டாம். மாதம் எத்தனை தடவை வருவார், தண்ணீர்க் குழாய் உடைந்தால் யார் செலவு என்பதை எழுதி வாங்குங்கள். வெட்டிய பொடிப்புல்லை அள்ளச் சொல்லாதீர்கள். அது மக்கி, தழைச்சத்தாக மண்ணுக்கே திரும்பும்.