இஸ்கூலு

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். தருமபுரியில் டிகிரி முடித்தேன். போன மாதம் பெங்களூரில் ஒரு கால் சென்டர் இன்டர்வியூ. எழுத்துத் தேர்வில் தேறினேன். வாய்ஸ் ரவுண்டில் ‘எம்.டி.ஐ. ஜாஸ்தி’ என்று அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில் தாய்மொழிச் சாயல் அடிக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் நான்கு ‘க’, நான்கு ‘ப’ இல்லாததுதான் காரணமா? ஓசூரில் ஆக்சென்ட் கோர்ஸ் நடத்துகிறார்கள், சேரலாமா? எங்கள் வீட்டில் பஸ்ஸு, இஸ்கூலு என்றுதான் பேசுவார்கள். நண்பர்கள் எதிரில் அப்பா அப்படிப் பேசியபோது திருத்தினேன். அதிலிருந்து நண்பர்கள் வந்தால் அவர் வாயே திறப்பதில்லை. வீடே இப்படி இருந்தால் எனக்கு எப்படி இங்கிலீஷ் வரும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சில நாட்களாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஒரு கமிஷன்காரரைப் பார்த்தேன். விவசாயியிடம் தெலுங்கு, லாரி டிரைவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். அவருடைய தமிழில் தெலுங்கு வாடை நன்றாகவே அடித்தது. அங்கே யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் நிறையப் பேர் இப்படித்தான் பேசிப் பிழைக்கிறார்கள். ஆங்கிலம் என்று வந்தால் மட்டும் ஏன் இப்படிக் கூனிப்போகிறோம்?

நான்கு ‘க’ விஷயத்தை ஒதுக்கிவிடுங்கள். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ வேறு, ‘ம்’ முக்குப் பின்னால் வரும் ‘ப’ வேறு. இரண்டாவதுதான் பஸ்ஸில் வரும் ‘ப’. எந்த இடத்தில் எது வரும் என்பது தமிழில் தானாகவே முடிவாகிவிடுகிறது. தனி எழுத்து தேவைப்படவில்லை. ஒலி உங்கள் வாயில் இருக்கிறது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் செய்தது தப்பு, தம்பி. பெரிய தப்பு. அவர் சொல்வதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லை. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது, ஒரு உகரம் வந்து தாங்க வேண்டும். ‘ல்’ லில் முடியலாம் என்றாலும் பேச்சில் பால்கூட பாலு ஆகிவிடுகிறது. ர, ல வில் தொடங்கும் வடசொற்கள் வந்தபோது முன்னால் ஒரு உயிரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நன்னூல் விதியே சொல்கிறது. இராமன், உலோகம், அரங்கம் எல்லாம் அப்படி வந்தவை. உங்கள் அப்பா ‘ஸ்கூ’ லுக்கு முன்னால் ‘இ’ போடுவதும் அதே வேலைதான். தர்மபுரியைத் தருமபுரி என்று அரசாங்கமே பலகையில் எழுதுகிறதே, அந்த நடு ‘உ’ எங்கிருந்து வந்தது? உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் வாயிலிருந்துதான் வந்தது.

இது தமிழனுக்கு மட்டும் உள்ளதும் இல்லை. பழைய ஆங்கிலேய ஆவணங்களில் கிருஷ்ணகிரி ‘கிஸ்ட்னகெரி’ என்று கிடக்கிறது. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ இரண்டையும் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் வித்தியாசம் கண்டுபிடித்தன. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. வீட்டில் எந்த ஒலிகளுக்கு வேலை இருக்கிறதோ அவற்றுக்கே காது பழகிக்கொள்கிறது. பிறகு வரும் மொழியை அந்தக் காதால்தான் கேட்கிறோம், அந்தக் காது கேட்டதைத்தான் வாய் சொல்கிறது. ஒரே தமிழுக்குள்ளேயே பாருங்கள்: ஆங்கிலேயர் நாக்கை மேல் ஈறில் தட்டிச் சொல்லும் ஒலி நமக்கு ‘ட’ வாகக் கேட்கிறது, யாழ்ப்பாணத்தார் அதையே ‘ர’ போட்டு எழுதுகிறார்கள். நாம் டொராண்டோ என்று எழுதும் ஊரை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். யார் பிழை செய்கிறார்கள், சொல்லுங்கள்.

ஒரு வயதுக்குள் நடந்து முடிந்த காரியத்துக்காக அறுபது வயது மனிதரை நான்கு பையன்கள் எதிரில் தலைகுனிய வைத்திருக்கிறீர்கள். உங்களைப் படிக்கவைத்தவர் அவர். இன்றைக்கே போய்ப் பேசுங்கள். மன்னிப்பு என்றெல்லாம் நாடகம் வேண்டாம். அடுத்த முறை நண்பர்கள் வரும்போது அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள், போதும்.

கிருஷ்ணகிரியில் எனக்கு ஆங்கிலம் எடுத்த வாத்தியார் வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ‘எம்’ மை ‘யெம்’ என்றுதான் சொல்வார். ஆனால் அவரளவுக்கு ஆங்கில ஒலியைப் புரிந்துவைத்திருந்த ஒருவரை நான் பிறகு பார்த்ததே இல்லை. நோட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்து எங்கள் உதட்டுக்கு முன்னால் பிடிப்பார். குண்டூசி ‘பின்’ சொன்னால் காகிதம் படபடக்க வேண்டும். எங்களுக்கு அசையவே அசையாது. அசையாவிட்டால் வெள்ளைக்காரன் காதில் அது குப்பைத்தொட்டி ‘பின்’ என்றுதான் விழும் என்பார். உண்மைதான். சொல்லின் முதலில் வரும் அந்த ஒலியை அவர்கள் மூச்சை வைத்தே பிரிக்கிறார்கள், நம் ‘ப’ வில் அந்த மூச்சு இல்லை. ‘கோட்’ டிலும் மூச்சை விட்டுவிட்டால் போட்டுக்கொள்ளும் கோட் போய் ஆடு வந்துவிடும்.

அப்புறம் விரல் முட்டியால் பெஞ்சில் தட்டுவார். ‘டெவலப்’ என்றால் தட்டு ‘வெ’ மேல் விழும். ‘கமிட்டி’ க்கு ‘மி’ மேல். ‘போட்டோகிராப்’ புக்கு முதலில், ‘போட்டோகிராபி’ க்கு இரண்டாவதில், ‘போட்டோகிராபிக்’ குக்கு மூன்றாவதில். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்தி மற்றதை விழுங்குகிறார்கள். அழுத்தம் இடம் மாறினால் எதிரில் இருப்பவருக்குச் சொல்லே பிடிபடாது. போனில் பேசும் வேலைக்கு இதுதான் முக்கியம். இதை விட்டுவிட்டு உதட்டைக் கடிக்கும் ‘வ’, குவிக்கும் ‘வ’ என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டாதீர்கள்.

சாயல் முழுக்கப் போகாது. போலந்துக்காரர் ஜோசப் கான்ராட் இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று அதிலேயே பெரிய நாவலாசிரியர் ஆனார். அவர் பேச்சில் போலிஷ் சாயல் கடைசிவரை இருந்தது.

கோர்ஸ் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். நல்ல ஆங்கில அகராதியில் ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பிலும் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருக்கும். தினம் பத்துச் சொல் எடுத்துத் தட்டிச் சொல்லி, போனில் பதிந்து கேளுங்கள். காகிதத் துண்டும் இருக்கட்டும். அடுத்த இன்டர்வியூ எப்போது என்று எழுதுங்கள்.