சாவரின் ஏழு சுவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் வேலை நிமித்தமாக டாக்காவில் தங்கியிருந்தபோது, வெள்ளிக்கிழமை விடுமுறையில் நகருக்கு அருகே சாவரில், 1971 விடுதலைப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட தேசிய நினைவிடத்துக்குச் சென்றேன். தில்லிப் போர் நினைவிடத்தை முன்பே பார்த்திருந்ததால் அதைப் போன்ற ஒன்றை எதிர்பார்த்தேன். இங்கே நடுவில் நிற்பது கான்கிரீட் சுவர்கள் மட்டுமே; வீரர் சிலை இல்லை, இறந்தவர்களின் பெயர்களும் இல்லை. சுற்றிலும் குடும்பங்கள் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தன. ஏழு சுவர்களும் ஏழு போராட்டங்களைக் குறிப்பவை என்றார் உடன் வந்த நண்பர். அவற்றில் போர் ஒன்றுதான். ஒரு தேர்தல்கூட இருக்கிறது. போர் நினைவிடத்தில் தேர்தலுக்கு என்ன வேலை? எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். தில்லியை மனத்தில் வைத்துக்கொண்டு போனதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. ஆனாலும் அந்த ஒப்பீட்டைக் கைவிட வேண்டாம், அதிலிருந்தே தொடங்கலாம்.

தில்லியில் தியாகச் சக்கரம் எனப்படும் வட்டச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஒரு கல். (அதை வடிவமைத்த யோகேஷ் சந்திரஹாசன் சென்னையைச் சேர்ந்தவர்.) அது சாத்தியமானதற்குக் காரணம், இராணுவம் தன் ஆட்களைப் பதிவேட்டில் வைத்திருக்கும் அமைப்பு என்பதே. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவனுக்குக் கல்லிலும் பெயர் கிடைக்கிறது. நம்முடைய நடுகல் மரபும் ஏறத்தாழ இப்படித்தான். ஆநிரை மீட்டு இறந்தவன் இன்னான், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் இறந்தான் என்று செங்கம் பகுதிக் கற்கள் சொல்கின்றன. ஊரார் பார்க்க இறந்தவன் அவன். பெயரைச் சொல்ல ஊர் மிஞ்சியிருந்தது.

1971 மார்ச் 25 இரவில் பாகிஸ்தான் இராணுவத்தின் தாக்குதலோடு தொடங்கி டிசம்பர் 16 வரை, அன்று பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்தில் நடந்தது வேறு வகைச் சாவு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீருடை அணியாதவர்கள்: உழவர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள், பெண்கள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்துவிட்ட நிலையில், யார் இறந்தார், யார் ஓடிப்போனார் என்று கணக்கெடுக்க ஊரே இல்லாமல் போன இடங்கள் உண்டு. 30 இலட்சம் பேர் என்பது வங்கதேச அரசின் கணக்கு. அதைவிட மிகக் குறைவான எண்ணிக்கைகளைச் சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கையிலேயே உடன்பாடு எட்டப்படாத சாவுகளுக்குப் பெயர்ப்பட்டியலை எங்கிருந்து கொண்டுவருவது? நினைவிட வளாகத்திலேயே கூட்டுப் புதைகுழிகள் இருக்கின்றன. அவற்றின் மீது பெயர் எழுதாமல் விட்டதை நான் குறையாக நினைக்கவில்லை, நேர்மையாகவே நினைக்கிறேன். தெரிந்த சிலரின் பெயரை மட்டும் பொறித்திருந்தால் மற்றவர்கள் இரண்டாம் முறையும் விடுபட்டிருப்பார்கள்.

வங்காளிகள் இந்த நினைவிடத்தை ஸ்மிருதி சௌதம் என்கிறார்கள்; பெங்களூரின் விதான சௌதாவில் வரும் அதே சௌதம்தான். வடிவமைத்தவர் சையத் மைனுல் ஹுசைன். 1978இல் நடந்த போட்டிக்கு வந்த 57 வடிவங்களிலிருந்து அவருடையது தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தாறுதான். வங்க மொழிக்கான போராட்டம் நடந்த 1952இல் பிறந்தவர் அவர். இதைத் தற்செயல் என்று கடந்துபோகலாம். எனக்கு மனம் வரவில்லை.

நுழைவாயிலிலிருந்து நேராக நடந்து சின்னத்தை அடைந்துவிட முடியாது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். செங்கல் தளம் ஏறுகிறது, இறங்குகிறது. செயற்கை ஏரியின் மேல் ஒரு பாலத்தைக் கடக்க வைக்கிறது. கல் அரிதான வண்டல் நாட்டில் கட்டடத்துக்குச் செங்கல்லே கதி. ஜல்லிக்குக்கூடச் செங்கல்லை உடைத்துத்தான் போடுவார்கள். அந்தச் சிவப்பின் நடுவில் சாம்பல் நிறக் கான்கிரீட் 150 அடி உயரத்துக்கு எழுகிறது. நடுவில் மடித்து நிறுத்திய காகிதம் போன்ற ஏழு முக்கோணச் சுவர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. வெளிச்சுவர் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கிறது. உள்ளே போகப்போக அடி குறுகி உயரம் கூடுகிறது. நேர் எதிரே நிற்பவருக்கு அது ஒரே கூம்பு. பக்கவாட்டில் நகரத் தொடங்கினால்தான் சுவர்கள் பிரிந்து தெரிகின்றன.

இப்போது உங்கள் தேர்தலுக்கு வருகிறேன். வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை இது: 1952 மொழி இயக்கம், 1954 தேர்தல், 1956 அரசியலமைப்பு இயக்கம், 1962 கல்வி இயக்கம், தன்னாட்சி கேட்ட 1966 ஆறு அம்சக் கோரிக்கை, இராணுவ ஆட்சிக்கு எதிரான 1969 மக்கள் எழுச்சி, 1971 போர். 1954 மாகாணத் தேர்தலில் வங்கக் கட்சிகளின் கூட்டணியான ஐக்கிய முன்னணி, முஸ்லிம்களுக்கான தனித் தொகுதிகள் 237இல் 223ஐ வென்றது. அது அமைத்த அமைச்சரவையை, பதவியேற்ற இரண்டு மாதத்துக்குள், அன்றைய தலைநகரான கராச்சியில் இருந்த பாகிஸ்தான் அரசு கலைத்தது. வாக்குச் சீட்டால் பெற்றதை ஓர் ஆணையால் பறித்துவிடலாம் என்பதைக் கிழக்கு வங்கம் அன்றுதான் கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் இல்லாமல் 1971 இல்லை. ஆகவே தேர்தலுக்கு அங்கே முழு உரிமை உண்டு. எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் கிழக்கின் 169 இடங்களில் 167ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சி வென்ற 1970 தேர்தலுக்குத் தனிச்சுவர் இல்லை. போருக்கு உடனடிக் காரணம் அந்த முடிவை மதிக்காததுதான். 1956க்குப் பதிலாக அதை வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1956இன் அரசியலமைப்பு வங்க மொழியையும் ஆட்சிமொழியாக ஏற்றது என்று டாக்கா நண்பர்கள் எனக்குப் பதில் சொல்வார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் விட வேடிக்கை, இந்தச் சின்னம் 1982 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டபோது நாட்டை ஆண்டவர் அவ்வாண்டு மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் எர்ஷாத் என்பது. தேர்தலுக்கும் இராணுவ ஆட்சிக்கு எதிரான எழுச்சிக்கும் சுவர் எழுப்பிய நினைவிடம், ஓர் இராணுவ ஆட்சியில் திறப்புவிழா கண்டது.

கடலை கொறித்தவர்களைப் பற்றி: அது எனக்கு உறுத்தவில்லை. நான் சென்ற அன்று ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஏரிக்கரையோரமாக நடந்துகொண்டே விரலை நீட்டி "ஏக், துய், தின்" என்று சுவர்களை எண்ணிக்கொண்டு போனான். ஐந்தோடு நின்றுவிட்டது. தந்தையிடம் திரும்பி ஓடினான்; அவர் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, அவனை இன்னும் சற்றுத் தள்ளி அழைத்துப்போய் நிற்கவைத்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணச் சொன்னார்.