பண்ணை வீட்டு வாடகை குறைவுதான், மொத்தச் செலவு?

கேள்வி: நான், மனைவி, 70 வயது அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன், நான்கு பேரும் செப்டம்பரில் இத்தாலி போகிறோம். ரோமில் 3 இரவு, ஃப்ளோரன்ஸில் 2 இரவு. இரண்டு ஊரிலும் ஓட்டமாகத்தான் இருக்கும். அப்புறம் 4 இரவு கிராமப்புறத்தில் ஓய்வாக இருக்க ஆசை. டஸ்கனியில் பியென்சா பக்கம் சமையலறையோடு ஒரு பண்ணை வீடு நாளுக்கு 110 யூரோ. ஃப்ளோரன்ஸிலேயே தங்கினால் 190 யூரோ. பண்ணை வீட்டில் 320 யூரோ மிச்சம் என்று நினைக்கிறேன், சரிதானா? விமானம் ரோமிலிருந்து. இதற்காக ஒரு எஃப்.டி.யை உடைக்கலாமா? – கோவை வாசகர்

பதில்: மிச்சம் வராது. கூடுதலாகத்தான் ஆகும்.

பியென்சா பக்கத்துப் பண்ணை வீடுகளுக்குக் கார் இல்லாமல் போய் வருவது சிரமம். பால் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் வாடகையோடு காரையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்கு 440 யூரோ. ஆட்டோமேட்டிக் கார் நாளுக்கு 65 என்று வைத்தால் 260. விபத்தில் நம் தலையில் விழும் தொகைக்கான கூடுதல் காப்பீடு நாளுக்கு 20 என்றால் 80. பெட்ரோல், சுங்கம், பார்க்கிங் இன்னொரு 80. ஆக 860 யூரோ. ஃப்ளோரன்ஸில் 760 தான். பண்ணை வீட்டில் துப்புரவுக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தங்கல் வரியைப் பல இடங்களில் போன பிறகுதான் கேட்பார்கள்.

காரில் இன்னும் சில செலவுகள் ஒளிந்திருக்கின்றன. வண்டி எடுக்கும்போது கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள். லிமிட் குறைவாக இருந்தால் மற்ற செலவுக்குக் கார்டு கைகொடுக்காது. ஃப்ளோரன்ஸ் போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். அபராதம் சில மாதம் கழித்து வீடு தேடி வரும், வாடகைக் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைக் கார்டில் எடுக்கும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். 4 நாள் ஓய்வுக்கு இவ்வளவு பாடா?

நான் சொல்வது ஓர்வியேத்தோ. அம்ப்ரியா மாநிலத்தில், ஃப்ளோரன்ஸ்–ரோம் ரயில் பாதையிலேயே இருக்கும் பாறை மேட்டு ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். ஸ்டேஷனிலிருந்து மேலே போக, பழனி விஞ்ச் மாதிரி ஒன்று ஓடுகிறது. அம்மாவுக்கு ஏற்றம் இல்லை. வட்டார ரயில்களில் என்றைக்கு வாங்கினாலும் டிக்கெட் விலை ஒன்றுதான், முன்பதிவுப் பதற்றம் இல்லை. அலுத்தால் பேருந்தில் பான்யோரேஜியோ போய், நடைபாலம் கடந்து சிவிதா என்ற குட்டிக் கிராமத்தைப் பார்க்கலாம். அந்தப் பாலம் ஏற்றம்தான், அன்றைக்கு அம்மாவுக்கு ஓய்வு. சமையலறை உள்ள வீட்டுக்கு நாளுக்கு 140 கொடுத்தாலும் 560. ரயில், பேருந்துக்கு 100 ஒதுக்கினாலும் 660 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் பண்ணை வீட்டைவிட 20,000 ரூபாய் குறைவு. ரோமுக்குத் திரும்பும் வழியிலேயே இருப்பது இன்னொரு லாபம். ஆனால் விமானம் காலையில் என்றால் கடைசி இரவை ரோமில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணை வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் தங்கி, வீட்டில் யாராவது தைரியமாக ஓட்டி, பாதி நாள் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டால் அதுதான் சுகம். உங்கள் 4 இரவுக்கு அது ஒத்துவராது.

எங்கே தங்கினாலும், இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய புக்கிங்கையே எடுங்கள். பணம் திரும்பாத தள்ளுபடியில் ஆசைப்பட வேண்டாம். பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% கட்டணமும் அதன் மேல் 18% ஜி.எஸ்.டி.யும் போடும், ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். கட்டணம் குறைந்த கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ பாருங்கள். கடை மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரியை விலையோடு சேர்த்து முதலிலேயே பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம், ஆனால் பணம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

எஃப்.டி. விஷயத்துக்கு வருகிறேன். முன்கூட்டியே உடைத்தால் பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறைக்கும். முதிர்வுக்கு ஓரிரு மாதமே இருந்தால் அதன் மேல் கடன் எடுத்து, முதிர்ந்ததும் அடைப்பது பெரும்பாலும் மலிவு. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் உடைப்பதே மேல். ஆனால் அந்த எஃப்.டி.தான் அம்மாவின் மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கும் பணம் என்றால் அதைத் தொடாதீர்கள். 4 இரவை 2 ஆக்குங்கள், அல்லது பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.