பழைய ஸ்ப்ளெண்டரில் எல்இடி மினுக்குவது ஏன்?

நண்பரே, ஸ்ப்ளெண்டர் பைக்கின் ஹெட்லைட்டில் போட்ட எல்இடி பல்ப் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) மினுக்குகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நின்று எரிகிறது என்கிறீர்கள். இது பல்பின் குறை இல்லை, இன்னொன்று வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பழைய ஸ்ப்ளெண்டரில் ஹெட்லைட்டுக்கு பேட்டரி கரண்ட் வராது. இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து ஏசியாக (திசை மாறி மாறி ஓடும் கரண்டாக) நேரே வரும். சாதா பல்பின் இழை சூடாகவே இருப்பதால் ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரியாது. எல்இடி உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து பல்ப் சாக்கெட்டைப் பாருங்கள். வோல்ட் காட்டினால் பெரும்பாலும் ஏசி லைன்தான். பழைய ஏசி வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே (சுவிட்ச் போட்டதும் பேட்டரி கரண்டை லைட்டுக்குத் திறந்துவிடும் கருவி) போட்டுத் தனி லைன் இழுங்கள். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆனால் அந்த வண்டியின் பேட்டரி மிகச் சிறியது. லைட் எரியும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தும் பேட்டரியில் 13 வோல்ட்கூட வராவிட்டால் சார்ஜ் போதவில்லை என்று அர்த்தம்; காயிலின் எர்த்தை (வண்டி பாடியோடு சேரும் இணைப்பை) பிரித்து, ஏசியின் இரண்டு பாதியையும் சார்ஜுக்குப் பயன்படுத்தும் ஃபுல் வேவ் ரெகுலேட்டர் போட வேண்டும். அதை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.