கொதிக்க வைத்தால் போகாது, தம்பி

தம்பி, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் பக்கம் வேலை கிடைத்துப் பிப்ரவரியில் வருகிறேன், மனைவி ஐந்து மாதக் கர்ப்பம், பிரசவத்துக்கு அம்மா தஞ்சாவூரிலிருந்து வருவார்கள் என்று சொல்லி ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். குளிருக்குக் கோட்டு எங்கே வாங்குவது, கார் புதிதா பழையதா, இட்லி அரிசி கிடைக்குமா, நகருக்குள் ஒரு பழைய வீடு மலிவாக வருகிறதே எடுக்கலாமா, அப்புறம் தண்ணீர்: "நாங்கள் எப்போதும் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம், அது போதும்தானே அக்கா?" இவ்வளவும் போக வாலில் ஒரு வரி: "அந்த ஏரியாவில் கறுப்பர்கள் அதிகமாமே, பயமில்லையா?"

கோட்டை இங்கே வந்து வாங்குங்கள்; தி.நகரில் விற்பது ஊட்டிக்குத்தான் காணும். இட்லி அரிசி மூட்டையாகவே கிடைக்கும். காரைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவார், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. நான் எழுத உட்கார்ந்ததே அந்த "கொதிக்க வைத்து" என்ற வார்த்தைக்காகத்தான்.

போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் சாகாது. தண்ணீர் ஆவியாகும், ஈயம் பாத்திரத்திலேயே தங்கும். ஒரு லிட்டர் முக்கால் லிட்டராகச் சுண்டினால் முன்பு இருந்ததைவிட ஈயம் கூடுதலான தண்ணீர்தான் மிச்சம். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இதைத்தான் செய்தோம், கைக்குழந்தைக்கு.

நான் இங்கே வந்தது 2009 டிசம்பரில். மதுரையில் வாங்கிய செருப்பும் அதற்குள் இரண்டு ஜோடி சாக்ஸுமாக டிட்ராய்ட்டில் இறங்கினேன். கார் கம்பெனிகள் படுத்துக் கிடந்த வருஷம் அது. ஜெனரல் மோட்டார்ஸே ஆறு மாதம் முன்புதான் திவால் மனு போட்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுவார்கள். பொறியியல் படித்த நான் ஒரு கடையில் இரவில் சட்டை மடித்தேன். 2012இல் வாடகை தாங்காமல் ஃபிளின்ட்டுக்குக் குடிபெயர்ந்தோம். 1926இல் கட்டிய மரவீடு. நடக்கும்போது படிக்கட்டு ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போடும். வீட்டு ஓனர் நம் ஊர்க்காரர்தான். இருபது மைல் தள்ளிப் புறநகரில் இருந்துகொண்டு ஃபிளின்ட்டில் நான்கு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார்.

2014 ஏப்ரல் 25. அதுவரை டிட்ராய்ட்டிலிருந்து வாங்கிய ஹியூரான் ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, காசு மிச்சம் பிடிக்க ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். மேயர் பொத்தானை அழுத்த, அதிகாரிகள் கண்ணாடித் தம்ளரில் ஆற்றுத் தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக் குடித்தார்கள். டிவியில் பார்த்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், வயிற்றில் ஐந்து மாதம்.

ஆற்றில் ஈயம் இல்லை தம்பி, இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஈயம் நிலத்துக்கு அடியில் கிடந்த பழைய குழாயில் இருந்தது. இங்கே 1986 வரை குடிதண்ணீர்க் குழாய்க்கு ஈயம் போடத் தடையே இல்லை. டிட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் கலந்து வரும். அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு மாதிரிப் படிந்து ஈயத்தைத் தடுத்து வைக்கும். ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு அதிகம், அரிப்பும் அதிகம். அதற்குப் போய் அந்தப் பாஸ்பேட்டைக் கலக்காமலே விட்டார்கள். பல வருஷமாகப் படிந்திருந்த பூச்சு கரைந்தது, ஈயம் குழாயைத் திறந்தவர் தம்ளருக்கு வந்தது.

ஜூன் மாதம் அம்மா விருதுநகரிலிருந்து வந்தார். வந்த மறுநாளே "என்னடி தண்ணில பிளீச்சிங் பவுடர் வாடை?" என்றார். பெரிய எவர்சில்வர் பானையில் காலையில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி முழுக்க வேர்க்கும். ஆகஸ்டில் மகள் பிறந்தாள். அதே ஆகஸ்டிலும் அடுத்து செப்டம்பரிலும் தண்ணீரில் கிருமி இருக்கிறது, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நகராட்சியே அறிவித்தது. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அமெரிக்காவே அவர் சொன்னதைக் கேட்டுவிட்ட மாதிரி. எனக்குப் பால் போதவில்லை. ஆறவைத்த அந்தத் தண்ணீரில்தான் மாவுப்பால் கரைத்தோம்.

எதிர்வீட்டில் ஒரு பாட்டி. கறுப்பினத்தவர், கார் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வராந்தாவில் பாட்டில் தண்ணீர் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். அக்டோபரில் ஒருநாள் தெருவைக் கடந்து வந்து, "அந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் கொடுக்காதே, கண்ணு" என்றார். கையைக் காட்டினார், முழங்கை வரைக்கும் தடிப்பு. நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். ஏன் கேட்கவில்லை என்று பத்து வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். படித்தவள், மைக்ரோபயாலஜியெல்லாம் தெரியும் என்ற திமிர் பாதி. மீதியை உங்கள் கடைசி வரியில் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அதே அக்டோபரில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஒரு சேதி சொன்னார். இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை மட்டும் பழைய ஏரித் தண்ணீருக்கே திரும்பிவிட்டதாம். "அடேயப்பா, இரும்பையே அரிக்குதா" என்று சொல்லிக்கொண்டு நான் ரசத்தை ஊற்றினேன். அந்த ரசமும் அதே தண்ணீர்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊரறிந்தது. லீ-ஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடாமல் கேள்வி கேட்டார். அவர் வீட்டுத் தண்ணீரில் லிட்டருக்கு 397 மைக்ரோகிராம் ஈயம்; நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்பே அப்போது 15தான். மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் மிகுவெல் டெல் டோரல் 2015 ஜூனில் எச்சரித்து எழுதினார். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் செய்தித் தொடர்பாளரோ ஜூலையில் வானொலியில் யாரும் கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து மார்க் எட்வர்ட்ஸ் குழு வீடு வீடாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்தது. செப்டம்பர் 24 அன்று குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா கணக்கை மேசையில் வைத்தார்: தண்ணீர் மாறிய பிறகு ரத்தத்தில் ஈயம் கூடிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு; பிறகு வெளியான ஆய்வுக் கட்டுரையில் 2.4லிருந்து 4.9 சதவீதம். முதலில் அவரையும் தப்பென்றார்கள். அக்டோபர் 16 அன்று ஏரித் தண்ணீருக்குத் திரும்பினார்கள். இதே காலத்தில் லீஜனேர் என்ற, தண்ணீரில் வளரும் கிருமியால் வருகிற நுரையீரல் நோயில் குறைந்தது 12 பேர் செத்துப்போனார்கள்.

என் மகளின் கணக்கு 6. ஒரு வயதில் எடுத்த சோதனையில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 6 மைக்ரோகிராம். அப்போது கவனிக்க வேண்டிய அளவு 5, இப்போது 3.5. போனில் பேசிய நர்ஸ் "கொஞ்சம்தான் அதிகம்" என்றார். அடுத்த வருஷமே அளவு இறங்கிவிட்டது, இன்று அவள் ஆறாம் வகுப்பு, நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் லன்ச் பாக்ஸை மறந்து வைத்துவிட்டு வந்தால் மற்றப் பிள்ளைகள் அம்மாவுக்குக் கோபம் வரும். எனக்கு அந்த 6 ஞாபகம் வரும்; ஈயம் கெடுப்பது குழந்தையின் மூளையைத்தானே.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஃபிளின்ட்டில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், அது உண்மைதான். அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்தார்கள், பத்தில் நான்கு பேர் ஏழைகள். தண்ணீரை மாற்றிய முடிவு அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் இல்லை. கடனில் இருக்கிற நகரம் என்று மாநில ஆளுநர் நியமித்த அவசரகால நிர்வாகியின் கையில் இருந்தது. 2015 மார்ச்சில் நகர மன்றம் ஏழுக்கு ஒன்று என்று ஓட்டுப் போட்டு, டிட்ராய்ட் தண்ணீருக்கே போவோம் என்றது. நிர்வாகி முடியாது என்றுவிட்டார், அவ்வளவுதான். மாவட்டத்தில் நகருக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஏரித் தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை. மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம் 2017இல் விசாரித்து, இது பல தலைமுறையாக ஊறிப்போன இனப்பாகுபாட்டின் விளைவு என்றே எழுதியது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திரங்கள், அவர்கள் இருந்த செயின்ட் ஜான், ஃப்ளோரல் பார்க் பகுதிகளை இடித்துப் போட்ட நெடுஞ்சாலை, வெள்ளையர் புறநகருக்குப் போனதும் வரி சுருங்கிய நகரம், யாரும் மாற்றாமல் விட்ட குழாய். இந்த வரிசையில்தான் எங்கள் அடுப்பங்கரைக்கு ஈயம் வந்தது. ஃபிளின்ட்டோடு முடிந்த கதையும் இல்லை. இதே மாநிலத்தில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கிற பென்டன் ஹார்பரில் 2018லிருந்து ஈய அளவு வரம்பைத் தாண்டியது. சமையலுக்கும் பாட்டில் தண்ணீர்தான் என்று மாநிலம் சொல்ல 2021 அக்டோபர் ஆயிற்று.

இந்தச் சமயத்தில் நம்மவர்கள் பேசியதைச் சொன்னால் உங்களுக்கே கூசும். குழாயைச் சோதித்துத் தாருங்கள் என்று வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். "அந்த ஏரியா ஆளுங்க எப்பவும் எதுக்காவது கத்திட்டே இருப்பாங்கம்மா, நீங்க வேற" என்றார். பொங்கல் விழாவுக்குப் போனால், "அங்க ஏன் போய் இருந்தீங்க? அவங்க ஒழுங்கா பில்லு கட்டமாட்டாங்க, அதான்" என்று ஒருவர். நாட்டிலேயே மிக அதிகமான தண்ணீர்க் கட்டணங்களில் ஒன்று ஃபிளின்ட்டில்தான் வசூலித்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி விஷத்துக்கு மாதாமாதம் காசு கட்டிய ரசீதெல்லாம் ஷூ டப்பாவில் வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு நான் அந்த மாதிரிப் பேச்சு எழுந்தால் எழுந்து போய்விடுகிறேன். திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும்.

மறுபுறம் நானும் மாறினேன். பனி வழிக்கக் கற்றுக்கொண்டதைவிட எனக்குப் பெருமை, குழாய்க்கு அடியில் படுத்து ஃபில்டர் மாட்டக் கற்றுக்கொண்டதுதான். 2016 ஜனவரியில் தேசிய காவல்படை தண்ணீர்ப் பெட்டி கொடுத்தபோது, பாட்டிக்கும் சேர்த்து நான்தான் வாங்கி வருவேன். அவர் பதிலுக்குக் கீரை சமைத்துக் கொடுப்பார், பாட்டில் தண்ணீரில் அலசி. ஒரு கட்டுக் கீரை அலச எத்தனை பாட்டில் திறக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஃபிளின்ட் தண்ணீர் ஏரித் தண்ணீர்தான். ஏறக்குறைய பதினோராயிரம் குழாய் மாற்றி, 2025இல் வேலை முடிந்தது என்று அறிவித்தார்கள். சோதனைகளில் அளவும் பல வருஷமாக வரம்புக்குள் இருக்கிறது. 62.6 கோடி டாலர் நஷ்டஈடு தீர்ப்பானது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. வீடு எடுக்கலாமா என்றால் எடுக்கலாம், ஆனால் பேஸ்மென்ட்டில் தெருக்குழாய் வந்து மீட்டரில் சேருகிற இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். செம்பு நிறம் வந்தால் செம்பு. மங்கலாக இருந்தது வெள்ளிபோலப் பளிச்சிட்டு, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். தெருக்குழாய் நல்லதாக இருந்தாலும் பழைய வீட்டுக்குள் பற்றவைப்பில் ஈயம் இருக்கும், அதனால் ஃபில்டர் வேண்டும். அட்டையில் என்எஸ்எஃப் (தரச்சான்று) 53 என்றும், ஈயம் நீக்கும் என்றும் இரண்டும் போட்டிருக்க வேண்டும். 42 மட்டும் இருந்தால் அது ருசிக்கும் வாடைக்கும்தான். சீக்கிரம் கொதிக்கும் என்று வெந்நீர்க் குழாயில் பிடித்து உலை வைக்காதீர்கள், சூட்டுக்கு ஈயம் இன்னும் கரையும். நம் வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு அதுதான். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஈயத்தில் ஒரு அளவே கிடையாது.

உங்கள் அம்மா கண்டிப்பாகக் கேட்பார்: "ஈயச் சொம்புல ரசம் வெச்சுத்தானே வளர்ந்தோம்?" அது வெள்ளீயம், இது காரீயம், வேறு உலோகம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பானையைப் பற்றியும் அந்த 6 பற்றியும் அவருக்கு இன்றுவரை தெரியாது. போன வாரம்கூட போனில், "பிள்ளைக்குத் தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தானே குடுக்கிறே?" என்றார். ஆமாம்மா என்றேன்.

பாட்டி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார், குழாய் மாற்றியும் பாட்டில் தண்ணீர்தான். நீங்கள் பார்த்திருக்கிற வீடு எந்தத் தெரு என்று எழுதுங்கள். சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகும்போது சாவியும் காந்தமுமாக அப்படியே அங்கேயும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன்.