அறிதுயில் சிகிச்சை மனச்சோர்வுக்கு உதவுமா? மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஹிப்னாடிசம் என்பது ஒருவரைத் தூங்க வைப்பதுதானே? தூங்குபவரிடம் சொல்வது எப்படி மனத்தில் பதியும்?

பதில்: அது தூக்கமே அல்ல. 1843-இல் வெளியான தம் நூலில் இந்தப் பெயரைப் பரப்பிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். பின்னர், ஒரே எண்ணத்தில் மனம் ஊன்றியிருக்கும் நிலை என்று பொருள்படும் வேறொரு பெயரை அவரே முன்வைத்தும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பாற்கடலில் எல்லாம் அறிந்தபடியே திருமால் கண்வளர்வதைச் சொல்லும் ‘அறிதுயில்’ என்ற நம் சொல் இந்த நிலைக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

கேள்வி: மூளையில் உண்மையாகவே ஏதாவது மாறுகிறதா?

பதில்: மாறுகிறது. 2016-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 545 பேரைச் சோதித்து, அறிதுயிலுக்கு எளிதில் ஆட்படும் 36 பேரையும் அவ்வளவாக ஆட்படாத 21 பேரையும் தேர்ந்தெடுத்து, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவியில் அவர்களுடைய மூளையைப் பார்த்தார்கள். எளிதில் ஆட்படுபவர்களிடம், எதைக் கவனிக்க வேண்டும் என்று கண்காணிக்கும் முன் சிங்குலேட் பகுதியின் செயல்பாடு குறைந்தது. திட்டமிடும் முன்மூளைப் பகுதிக்கும் உடலுக்குள் எழும் உணர்வுகளைப் பதியும் இன்சுலா என்ற பகுதிக்கும் இடையிலான தொடர்பு வலுத்தது. அதே முன்மூளைப் பகுதிக்கும், நாம் நம்மைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது இயங்கும் வலையமைப்புக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்தது.

மனச்சோர்வு உள்ளவர் ‘அன்று ஏன் அப்படிப் பேசினேன்’ என்று ஒரே நினைவை இரவெல்லாம் அசைபோடும் பழக்கத்தோடு கடைசியாகச் சொன்ன வலையமைப்பைத்தான் ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். ஆகவே, அறிதுயில் அந்தச் சுழற்சியைத் தளர்த்தக்கூடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமிருக்கிறது. ஆனால் ஸ்டான்ஃபோர்டில் ஸ்கேன் செய்யப்பட்டவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர், பார்த்ததும் அந்தச் சில நிமிட மாற்றத்தைத்தான். ‘மூளையை மாற்றி அமைக்கிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: நோயாளிகளிடமே செய்த ஆய்வு உண்டா?

பதில்: உண்டு. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ள 152 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறிதுயில் சிகிச்சையும், மற்றதற்கு எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் சிபிடி சிகிச்சையும் கொடுத்தார்கள். முந்தையது பிந்தையதற்குக் குறைந்ததல்ல என்று 2021-இல் முடிவு வெளியானது. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு இல்லாததையும், கடுமையான மனச்சோர்வுக்கு இம்முடிவு பொருந்தாது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: என் அக்கா இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?

பதில்: கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம், நோயும் திரும்பலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையோடு சேர்த்து இதையும் முயன்று பார்க்கலாம். தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அங்கே போனால் என்னதான் செய்வார்கள்?

பதில்: முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சுதான். பிறகு ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மூச்சைக் கவனிக்க வைத்து, இமைகள் கனப்பதை உணரச் செய்வார்கள். காலையில் படுக்கையை விட்டு எழவே முடியாத ஒருவரென்றால், போர்வையை விலக்குவது, உள்ளங்காலில் தரையின் குளிர்ச்சி படுவது, சன்னலை நோக்கி நாலு அடி வைப்பது என்று ஒவ்வொன்றாக மனக்கண்ணில் நடத்திப் பார்க்க வைப்பார்கள். மறுநாள் அதில் ஒன்றையாவது நிஜமாகச் செய்வதே வீட்டுப்பாடம்.

கேள்வி: மறந்துபோன குழந்தைப் பருவக் காயத்தை இதனால் வெளியே கொண்டுவர முடியும் என்கிறாரே ஒருவர்?

பதில்: அவரிடம் போகாதீர்கள். அறிதுயிலில் நடக்காதவையும் நடந்தவை போலத் தெளிவாகத் தோன்றலாம், அவற்றை உண்மை என்று உறுதியாக நம்பவும் செய்யலாம். மனச்சோர்வுக்கு முறையாகச் சிகிச்சை தரப் பயின்ற மனநல மருத்துவரோ உளவியலாளரோ, தம் கையிலுள்ள பல வழிகளில் ஒன்றாக இதைப் பயன்படுத்தினால் மட்டும் செல்லுங்கள்.