வெயிலில் விவால்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கர்நாடக இசை ஓரளவு கேட்டுப் பழக்கம் உண்டு. மேற்கத்திய செவ்வியல் இசைப் பக்கம் சமீபத்தில்தான் வந்தேன். கோடைக்கு ஏற்ற இசை என்று தேடினால் எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்பது விவால்டியின் ‘கோடை’. நல்ல வெயில் நேரத்தில் அதைப் போட்டேன். இதமாக இருக்கும் என்று பார்த்தால் எரிச்சல்தான் மிச்சம். கொஞ்சம் இழுக்கிறது, நின்றுவிடுகிறது, திடீரென்று பாய்கிறது, மறுபடி நின்றுவிடுகிறது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா? அதே பட்டியலில் மாலரின் மூன்றாம் சிம்பொனியும் இருந்தது. ஒன்றரை மணி நேரம் என்று பார்த்ததும் தொடவே இல்லை. வெயில் காலத்தில் உண்மையிலேயே எதைக் கேட்பது?

வி.

அன்புள்ள வி,

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. விவால்டி தர நினைத்ததே அந்த எரிச்சலைத்தான். பட்டியல் போட்டவர்கள் தலைப்பைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘கோடை’ இடம்பெறும் ‘நான்கு பருவங்கள்’ 1725-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வந்தபோது ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சானெட் (பதினான்கு வரிக் கவிதை) கூடவே இருந்தது. கோடைக்கான கவிதை எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது: சூரியன் கொளுத்தும் இந்தக் கடும் பருவத்தில் மனிதன் வாடுகிறான், மந்தை வாடுகிறது, பைன் மரம் எரிகிறது. முதல் பகுதியின் தொடக்கத்தில், ‘வெக்கையால் வந்த சோர்வு’ என்று இசைக்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் வயலின்கள் இரண்டு சுரம் வாசித்து நிறுத்துகின்றன, மறுபடி இரண்டு சுரம், மறுபடி நிறுத்தம். வெயிலில் நடந்து வந்தவர் பேசுவதும் இப்படித்தான் இருக்கும். அப்புறம் குயில் கூவுகிறது, மென்காற்று வருகிறது, அதைத் தள்ளிக்கொண்டு வாடைக்காற்று வருகிறது, இடையன் புயலுக்குப் பயந்து அழுகிறான்.

இரண்டாம் பகுதியை இன்னொரு முறை கேளுங்கள். மொத்தமே இரண்டு, மூன்று நிமிடம்தான். தனி வயலின் ஒரு மெட்டை மெதுவாக இழுக்கிறது. அது களைத்துப்போன இடையன். அடியில் மற்ற வயலின்கள் ஒரே துணுக்கை விடாமல் நச்சரிக்கின்றன. அது ஈக்கூட்டம். அவன் கண் அயரும்போதெல்லாம் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து தடதடவென்று இடிக்கின்றன. கடைசிப் பகுதியில் ஆலங்கட்டி மழை கொட்டி விளைந்த கதிரைச் சாய்த்துவிடுகிறது. இதை மதிய வெயிலில் இளைப்பாறப் போட்டால் என்ன ஆகும்? வெயில் தாழ்ந்தபின் கேளுங்கள், அற்புதமான படைப்பு.

ஆக, தலைப்பை நம்பாதீர்கள். தலைப்பில் கோடை உள்ள மேற்கத்திய இசையில் பெரும்பகுதி வெயிலுக்கு ஏங்குகிற நாடுகளில் எழுதப்பட்டது. அங்கே கோடை என்றால் நீண்ட மாலைப்பொழுது, திருவிழா. அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்கலைஞர் பியாசோலாவின் கோடை இன்னொரு ரகம். புவனஸ் அயர்ஸில் கோடை டிசம்பரில் வருகிறது, டாங்கோ தாளத்தில் வருகிறது, கொஞ்சம் முறைத்துக்கொண்டே வருகிறது.

நான் பார்ப்பது வேறொன்று. ஒரே நேரத்தில் எத்தனை வாத்தியம் ஒலிக்கிறது, நடுவில் எவ்வளவு மௌனம் இருக்கிறது என்பதுதான். வெக்கையில் காது சீக்கிரம் களைத்துவிடும். அறுபது வயலின்கள் ஒன்றாக எழும்பும்போது அறையில் இன்னும் ஆறு பேர் வந்து உட்கார்ந்த மாதிரி புழுக்கமாகிவிடுகிறது.

இந்துஸ்தானியில் மதியத்துக்கென்று பிருந்தாவனி சாரங் போன்ற ராகங்கள் உண்டு. மேற்கில் அப்படி நேரம் பார்க்கும் ஏற்பாடு கிடையாது. ஆனால் கோடை மாலையில் திறந்தவெளியில் வாசிப்பதற்கென்றே ஒரு வகை இருந்தது: செரனேட். தேட வேண்டிய இடம் அதுதான்.

மொசார்ட் வளர்ந்த சால்ஸ்பர்க்கில் பல்கலைக்கழக ஆண்டு ஆகஸ்டில் முடியும். மாணவர்கள் அதற்காக இசை எழுதச் சொல்வார்கள். வாத்தியக்காரர்கள் ஊர்வலமாகப் போய் முதலில் ஆர்ச்பிஷப்பின் கோடை மாளிகை முன்பும், பிறகு பேராசிரியர்களுக்காகவும் வாசிப்பார்கள். நடந்து போவதற்கும் திரும்பி வருவதற்கும் தனியாக ஒரு அணிநடை உண்டு. ஹாஃப்னர் குடும்பத்துத் திருமணத்துக்கு முந்தைய மாலை, 1776 ஜூலை 21 அன்று, வாசிப்பதற்காக அவர் எழுதியதுதான் ‘ஹாஃப்னர் செரனேட்’. எல்லோருக்கும் தெரிந்த ‘ஐனெ க்ளைனெ நாக்ட்முசிக்’ எழுதி முடித்த தேதி 1787 ஆகஸ்ட் 10. திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. அதனால் இந்த இசையில் சிக்கலான நெசவு குறைவு, மெட்டு மேலே தெளிவாக நிற்கும், காற்று வாத்தியங்களுக்கு வேலை அதிகம். நம் வசதிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றே ஒன்று சொல் என்றால் மொசார்ட்டின் ‘க்ரான் பார்ட்டிட்டா’ என்ற செரனேடின் மூன்றாம் பகுதியைச் சொல்வேன். பன்னிரண்டு காற்று வாத்தியங்கள், அவற்றுக்கு அடித்தளமாக ஒரு டபுள் பாஸ். கீழே சில வாத்தியங்கள் சீராக அசைந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் ஓபோ என்ற குழல்வாத்தியம் ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நீட்டுகிறது. அது முடியப்போகிற இடத்தில் கிளாரினெட் வந்து வாங்கிக்கொள்கிறது, அப்புறம் கிளாரினெட்டின் தாழ்ந்த குரல் உறவான பாஸெட் ஹார்ன். யாரும் அவசரப்படுவதில்லை, ஒருவர் மூச்சு விடும்போது இன்னொருவர் பாடுகிறார். ஐந்தாறு நிமிடம். கார்வை கேட்டுப் பழகிய காது உங்களுடையது, அந்த ஓபோ சுரம் உடனே பிடிபடும்.

ஹாண்டெலின் ‘வாட்டர் மியூசிக்’கும் இந்த வரிசைதான். 1717 ஜூலை 17 மாலை, முதலாம் ஜார்ஜ் மன்னர் தேம்ஸ் நதியில் படகில் போக, பக்கத்துப் படகில் சுமார் ஐம்பது பேர் வாசித்திருக்கிறார்கள். மன்னருக்குப் பிடித்துப்போய் போகும்போதும் வரும்போதுமாக மூன்று முறை வாசிக்கச் சொன்னாராம். வாசித்தவர்கள் பாடு என்ன ஆயிற்றோ.

மதியத்துக்கு டெபுஸி. ‘ஆட்டுக்கால் தேவனின் பிற்பகல்’ என்ற பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் கவிதைக்கு முன்னிசையாக அவர் எழுதியது. கவிதை முழுக்க வெயில் கால மயக்கம். அரங்கேறியதோ பாரிஸில், 1894 டிசம்பர் 22-ல், நடுங்கும் குளிரில். இதில் டிரம்பெட் இல்லை, டிராம்போன் இல்லை, டிம்பனி முரசு இல்லை. துணை எதுவும் இல்லாமல் தனிப் புல்லாங்குழல் தொடங்குகிறது. அந்த முதல் சுரத்துக்குக் குழலில் அநேகமாக எல்லாத் துளைகளும் திறந்தே இருக்கும். அதனால் ஒலி மெலிந்து, கொஞ்சம் காற்றும் கலந்து வருகிறது. அங்கிருந்து அரைச்சுரமாக வழுக்கி இறங்கி மறுபடி ஏறுகிறது. ஹார்ப்பும் ஹார்னும் பதில் சொல்கின்றன. அதன்பின் ஒரு தாளவட்டம் முழுக்க மௌனம். பாட்டு தொடங்கி அரை நிமிடத்துக்குள் இப்படி எல்லோரையும் சும்மா இருக்க வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். மொத்தம் பத்து நிமிடம். பிடித்திருந்தால் 1915-ல் புல்லாங்குழல், வியோலா, ஹார்ப் மூன்றுக்கும் மட்டும் அவர் எழுதிய சொனாட்டாவுக்குப் போகலாம். இன்னும் மெல்லியது. ஹோனெகர் 1920-ல் எழுதிய ‘கோடை மேய்ச்சல்’ சிறிய குழுவுக்கானது. தலைப்பில் கோடை இருந்தும் நம்பக்கூடியது.

ஒரு நடைமுறைச் சிக்கல். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் டெபுஸியின் முதல் குழலோசை அதில் கரைந்துவிடும். நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள், பிறகு எல்லோரும் சேரும் இடத்தில் தூக்கிப்போடும். விசிறியை நிறுத்த முடியாத நேரத்தில் ஹார்ப்சிகார்ட் போடுங்கள். பியானோபோல் விரலழுத்தத்தால் ஒலியைக் கூட்டிக் குறைக்க அதில் வழியில்லை. தந்தி மீட்டப்படுகிறது, சட்டென்று அடங்குகிறது. ஆக ஒலி ஒரே மட்டத்தில் நிற்கும், ஒவ்வொரு சுரமும் விசிறிச் சத்தத்தைத் தாண்டித் தனியாகக் கேட்கும். டொமெனிகோ ஸ்கார்லாட்டி எழுதிய சொனாட்டாக்கள் 555, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிபவை. ஒரு கோடைக்கு அதுவே தாராளம்.

இரவுக்கு மென்டெல்சன். ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்துக்கு அவர் முன்னிசை எழுதியது 1826-ல், 17 வயதில். மீதி இசை பல வருடம் கழித்து 1842-ல். அதில் வரும் ‘நாக்டர்ன்’ (இரவிசை) போதும். காட்டில் தூங்குகிற காதலர்களுக்காக ஒரு ஹார்ன் பாடுகிறது. கூடவே வரும் திருமண அணிநடையை நீங்கள் ஏற்கெனவே எங்காவது கேட்டிருப்பீர்கள், அதைத் தாண்டிப் போய்விடலாம்.

மாலரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டியல்காரர்கள் அதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அவருக்குக் கோடை விடுமுறையில்தான் எழுத நேரம் கிடைக்கும். ஆஸ்திரியாவில் ஒரு ஏரிக்கரையில் சின்னக் குடில் போட்டு, 1895, 1896 கோடைகளில் இந்த சிம்பொனியை எழுதினார். முதல் பகுதிக்கு ‘கோடை அணிவகுத்து வருகிறது’ என்று முதலில் பெயரும் வைத்திருந்தார். ஆனால் எட்டு ஹார்ன்கள் சேர்ந்து முழங்கித் தொடங்கும் அந்தப் பகுதி மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். வெயிலில் அதில் நுழையாதீர்கள். மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தூரத்திலிருந்து ஒரு போஸ்ட்ஹார்ன் (அஞ்சல் வண்டிக்காரர் ஊதும் கொம்பு) கேட்கும், மேடைக்கு வெளியே நின்று வாசிப்பார்கள், கீழே வயலின்கள் மிக மெல்லிசாக விரித்திருக்கும். அது பிடித்தால் முழுதாக ஒருநாள் உட்காருங்கள். பிடிக்காவிட்டால் மாலர் மழைக்காலம் வரை காத்திருக்கட்டும்.